நறுவிசு அக்காவும் ஒயர் ரீலும்

விரித்து முடித்த படுக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துப் பார்ப்பாள். எங்காவது ஒரு சுருக்கம் கையில் தட்டினால் போயிற்று. விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து விரிக்கச் சொல்வாள். அந்த ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வை. அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்த பெண்கள்தான் அவளுக்கு 'நறுவிசு அக்கா' என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். ஒரு நாள் அது அவள் காதிலேயே விழுந்தது. இன்றைக்குத் தொலைந்தோம் என்று எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவளோ, "நல்ல பேருதானே, ஏன் மெதுவா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் பதிந்திருந்த விரல் தடத்தைத் துடைக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் வெளிப்படையாகவே வழங்கியது.

வீட்டிலும் அப்படித்தான். கரண்டிகள் உயர வரிசைப்படி தொங்கும். டி.வி. ரிமோட்டுக்கு உறை, மிக்சிக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை. எல்லாம் அவள் கையால் தைத்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக ஒரு பூ.

அந்த வீட்டில் உறை போட முடியாத ஒரே பொருள் அவளுடைய கணவர்தான். அவருக்குக் குழாய் ரிப்பேர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் குழாய்க்காரர். யார் வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் ஓடிப்போய் நிறுத்துவார். ஆனால் ஒரு ஸ்பேனரை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க மாட்டார். சோபாவின் இடுக்கில் வாஷர் கிடக்கும். சோப்பு டப்பாவுக்குள் திருகாணி கிடக்கும். ஒரு தடவை அரிசி டின்னுக்குள்ளிருந்து ஒரு குழாய் மூடி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இந்த ஒரே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு சண்டைக்கு நேரமே இருந்ததில்லை.

"வீடா இது, பழைய இரும்புக் கடையா?" என்பாள் அவள்.

"தேடினா கிடைக்குது இல்ல? அப்புறம் என்ன?" என்பார் அவர்.

அக்காவுக்கு விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார், பாதித் தூக்கத்தில். அவளுடைய தம்பி பெரிய கார் வாங்கியபோது, தன்னிடம் இருந்த சின்ன மின்சாரக் காரை அக்காவுக்கே விலைக்குக் கொடுத்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் தனியாக ஓட்டலுக்குப் போய், பின்பக்கத்து வாசலில் வண்டி நிறுத்தப் போட்டிருந்த இரண்டு கோடுகளுக்கும் சரி நடுவில் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். காவல்காரர் பார்த்துவிட்டு, "அளவெடுத்தா நிறுத்தினீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காரை நிறுத்தும் தகரக் கொட்டகை முற்றத்தைத் தாண்டி இருந்தது. அங்கே பிளக் பாயின்ட் இல்லை. காரோடு வந்த சார்ஜரின் ஒயர் கொட்டகையைத் தாண்டாது. அதனால் கணவருடைய சாமான்களுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் சுற்றிய ரீலை எடுத்துக்கொண்டாள். டிரில் மெஷினுக்காக அவர் என்றைக்கோ வாங்கியது அது. ஹாலில் இருந்த பிளக்கில் அதைச் செருகி, ஜன்னல் வழியாகக் கொட்டகை வரைக்கும் இழுத்தாள்.

அவள் கை பட்டால் ஒயர்கூட ஒழுங்காகத்தான் கிடக்கும். வேண்டிய அளவுக்கு மட்டும் ஒயரை உருவினாள். மிச்சத்தை ரீலிலேயே நூல்கண்டு மாதிரி இறுக்கிச் சுற்றி, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். கண்ணுக்கு உறுத்தலாக இருந்ததால் அதற்கும் ஒரு உறை தைத்துப் போட்டாள், ஓரத்தில் பூவோடு. முற்றத்தில் யார் காலும் தடுக்கக் கூடாது என்று ஒயரை ஒரு மிதியடிக்குக் கீழே மறைத்தாள். சார்ஜர் பெட்டியின் மேல் கோணலாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பொடி எழுத்தில் ஏதேதோ இருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினாள்.

"என்னம்மா, ஒயருக்குச் சட்டை எல்லாம் போட்டிருக்க?" என்றார் குழாய்க்காரர்.

"உங்களுக்குத்தான் போட்டுவிட முடியல. அதுக்காவது போடறேன்."

அப்படியே மாதங்கள் ஓடின. கார் மாலையில் குடிக்க ஆரம்பித்து, காலையில் வயிறு நிறைந்து நிற்கும். குளிர் நாட்களிலும் மழை நாட்களிலும் அவள் உலர்ந்த புடவையோடு வேலைக்குப் போனாள். குழாய்க்காரர் விடிந்த பிறகும் தூங்கினார். இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை.

ஒரு விடுமுறை நாளில், சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டது. அக்கா காரைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க, அடுப்புல என்னத்தக் கருக்கினீங்க?"

"நான் அடுப்புப் பக்கமே போகலயே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்ப என்னத்தையோ ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது."

"நான் படுத்துக்கிட்டு இருக்கேன்மா! படுத்திருக்கறதுல என்ன நாத்தம் வரும்?"

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு அவளிடம் பதில் இருந்திருக்கும். ஆனால் மூக்கு அவளை வேறு பக்கம் இழுத்தது. எழுந்து முகர்ந்துகொண்டே போனாள். ஜன்னலருகே வந்ததும் நின்றுவிட்டாள். உறையில் அவள் தைத்த பூ, மஞ்சளிலிருந்து காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது.

ரீலின் மேல் அவள் கை வைக்கவில்லை. முதலில் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். அப்புறம் குடைக் காம்பால் உறையைத் தூக்கிக் கீழே தள்ளினாள். உள்ளே, அவள் அவ்வளவு அழகாகச் சுற்றிவைத்த ஒயர் ஒன்றோடொன்று இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து மெல்லிய புகை வந்தது.

குழாய்க்காரர் எழுந்து ஓடி வந்தார். பழக்க தோஷத்தில் கையில் ஒரு வாளித் தண்ணீர்.

"ஐயோ, தண்ணிய வைங்க! கரண்ட்டுங்க அது!"

"தண்ணி இல்லாம என்னத்தம்மா பண்றது? எனக்குத் தெரிஞ்சதே தண்ணிதானே!"

வாளியோடு அவர் நின்ற நிற்பைப் பார்த்து அவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு எட்டிப்பார்த்தது. வீட்டுக்கு வரும் மின்சாரத்தையே மெயின் சுவிட்சில் அணைக்கச் சொன்னாள். புகை அடங்கியது. ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு இருவரும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். மழைச் சாரல் காலில் பட்டது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

"டவல்ங்க" என்றாள்.

"என்ன டவல்?"

"லாண்டரியில டிரையர்லேர்ந்து சூடா வர்ற டவலை அப்படியே மடிச்சு அடுக்கினா என்ன ஆகும் தெரியுமா? வெளிய ஆறினாப்புல இருக்கும். உள்ள வெந்துக்கிட்டே இருக்கும். அடுக்கே பத்திக்கிடும். விரிச்சுப் போட்டு ஆற வைங்கடின்னு தினமும் அந்தப் பொண்ணுங்க கிட்ட தொண்டை கிழியக் கத்தறேன். வீட்டுல நானே அதைத்தான் பண்ணியிருக்கேன். ஒயர்ல கரண்ட் ஓடினா சூடு வரும்தானே? அதை இறுக்கிச் சுத்தி, மேல போர்வையும் போத்தி வச்சிருக்கேன்."

அவர் யோசித்தார். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

"அப்ப, நான் போடற மாதிரி தாறுமாறா போட்டிருந்தா பத்தியிருக்காதுங்கற?"

அவள் மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் கரண்ட்காரர் வந்தார். குழாய்க்காரரோடு கட்டட வேலைகளுக்குப் போகிறவர், பழகிய ஆள். கருகிய ரீலைப் புரட்டிப் பார்த்தார். உறையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சுத்தாம முழுசா உருவியிருந்தா சரியா இருந்திருக்குமா?" என்று அவளே கேட்டாள்.

"இவ்வளவு சீக்கிரம் உருகியிருக்காதுக்கா. ஆனா இந்த ஒயரே இதுக்கு ஆகாது. டிரில் மெஷின் ரெண்டு ஓட்டை போடும், நிக்கும். கார் அப்படியா? விடிய விடிய நிக்காம இழுக்கும். மெல்லிசு ஒயர் தாங்காது. மிதியடிக்குக் கீழ வேற போட்டிருக்கீங்க. உள்ள நசுங்கினாலும் வெளிய தெரியாது. எக்ஸ்டென்ஷன் போடாதீங்கன்னு சார்ஜர்லயே எழுதியிருக்குமே, பாக்கலையா?"

"ஸ்டிக்கரா? கோணலா இருந்துச்சுன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

குழாய்க்காரர் அவசர அவசரமாக வேறு பக்கம் திரும்பி இருமினார்.

மீட்டர் பெட்டியிலிருந்து கொட்டகைக்குத் தனி லைன் இழுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அதற்கென்று ஒரு பிரேக்கர், நல்ல எர்த், மழை புகாத மூடியுள்ள பிளக் பாயின்ட். ஆனால் வேறோரிடத்தில் கையில் எடுத்த வேலை முடிந்துதான் கரண்ட்காரரால் வர முடியும். அதுவரைக்கும் கார் பட்டினி கிடந்தால் அக்கா வேலைக்குப் போக முடியாது. கட்டட வேலைக்கு வைத்திருந்த தடித்த ஒயர் ஒன்றை அவர் கொண்டுவந்து கொடுத்தார். வெயில் மழைக்குத் தாங்குவது, எர்த் உள்ளது, நடுவில் ஒட்டுப் போடாதது.

"அவசரத்துக்குத்தான் இது, பழகிடாதீங்க. முழுசா உருவி, கண்ணுக்குத் தெரியறாப்புல போடுங்க. மேல எதையும் மூடாதீங்க. கார்ல கரண்ட்டைக் குறைச்சு இழுக்கற மாதிரி வச்சுக்கங்க. மழை வந்தா போடவே போடாதீங்க. நீங்க முழிச்சிருக்கும்போது மட்டும் போடுங்க. அப்பப்ப பிளக்கைத் தொட்டுப் பாருங்க. சுட்டா உடனே நிறுத்திடுங்க."

கொட்டகைக்குத் தேவையானதைவிட ஒயர் நீளமாக இருந்தது. மிச்சம் முற்றம் முழுவதும் வளைந்து வளைந்து கிடந்தது. அக்கா வாழ்க்கையிலேயே பட்ட பெரிய சோதனை அந்த நாட்கள்தான். முற்றத்துப் பக்கம் போகும்போதெல்லாம் கை துறுதுறுவென்றது. ஒரு தடவை குனிந்தும்விட்டாள்.

"ஏய், ஏய்! தொடாதே!" நாற்காலியிலிருந்து குழாய்க்காரரின் அதட்டல் வந்தது. "அது அப்படித்தான் கிடக்கணும். கலைஞ்சு கிடக்கறதுதான் பாதுகாப்பு. டாக்டரே சொல்லிட்டாரு."

"அவரு டாக்டரா?"

"ஒயருக்கு டாக்டர்."

அந்த நாட்களில் அவர் சாயங்காலம் வேறெங்கும் போகவில்லை. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்து, ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பரில் ஒரு பக்கம் படிப்பார். பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். அடுத்த பக்கத்துக்குப் போவார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி இருந்தது அது. அக்கா கதவோரத்தில் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் கட்டையிலேயே வைத்தார். அவள் சொல்ல வந்ததை விழுங்கினாள். ஆனால் விழுங்கியது கசக்கவில்லை.

தனி லைன் வந்தது. புது பிளக் பாயின்ட் கொட்டகைச் சுவரில், ஒரு துளி கோணல் இல்லாமல், நேராக உட்கார்ந்தது. கரண்ட்காரர் தன் தடித்த ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அக்கா முற்றத்தைக் கூட்டி, கழுவிவிட்டாள். மனதுக்குள் இருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து கழுவப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாய்க்காரருக்கு மேட்டுத் தெருவிலிருந்து அழைப்பு வந்தது. ஊருக்கு வெளியே, குன்றின் மேல் இருக்கும் வீடு. பழைய ஸ்கூட்டர் அந்த ஏற்றத்தில் மூச்சுவாங்கும் என்பதால் அங்கிருந்து வரும் வேலைகளை அவர் இத்தனை நாளும் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்.

"நான் கொண்டுபோய் விடறேன், வாங்க" என்றாள் அக்கா.

சாமான் பையைப் பின்சீட்டில் போட்டார். பை திறந்து உள்ளே இருந்ததெல்லாம் சிதறியது. அவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். ஏற்றத்தில் கார் சத்தமே இல்லாமல் ஏறியது. வீடுகளின் கூரைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போயின.

"நல்லாத்தான் ஓட்டற" என்றார் அவர், வெளியே பார்த்துக்கொண்டே.

"இப்பத்தான் தெரியுதா?"

"இத்தனை நாளா தூங்கிக்கிட்டு இல்ல இருந்தேன்."

அந்த வீட்டில் அவர் குழாயைச் சரிசெய்து முடிக்கும்வரை அவள் காரில் சாய்ந்துகொண்டு ஊரைப் பார்த்தபடி நின்றாள். காற்று நன்றாக அடித்தது. தலைமுடி கலைந்து முகத்தில் விழுந்தது. கைப்பையில் சீப்பு இருந்தது. காற்று நிற்கட்டும் என்று அதை எடுக்காமல் நின்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் சாய்ந்தார். நம் வீடு எது என்று இருவரும் தேட ஆரம்பித்தார்கள். அது எது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.