'தோன்றியது' என்ற கட்டம்

2023 மார்ச் 14, செவ்வாய். காலை 5.10க்கு எழுந்தேன். கோப்பி கலக்கினேன். ஈப்போவில் மழை இல்லை. பள்ளி அலுவலகத்துக்குக் கிளம்புமுன் வழக்கம்போல் கைப்பேசியில் தம்பியின் மீன்பிடிப் படகைத் தேடினேன். 5.52க்கு லூமுட் படகுத்துறையை விட்டுக் கிளம்பிய பச்சைப் புள்ளி, 6.35க்குப் பங்கோர் தீவைத் தாண்டி மறைந்தது. நோட்டில் எழுதினேன்.

எனக்குப் பயமில்லை. படகு எது, எங்கே இருக்கிறது என்பதை மற்ற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை அவன் படகில் வைக்கச் சொன்னவள் நான்தான். ஆயர் தாவாரில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்து கடலுக்குப் போனவன் அவன் ஒருவன்தான். ஆனால் மீன் பிடிக்கும் இடம் நெருங்கியதும் கருவியை அணைத்துவிடுவான், திரும்பும்போதுதான் போடுவான்.

"பெரிய கப்பலுக்கு நீ இருக்கறது எப்படிடா தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போட்டு வச்சா மத்த போட்டெல்லாம் பின்னாலயே வருதுக்கா. எடத்தக் காட்டிட்டு நான் வெறும் தண்ணியவா அள்ளிட்டு வர்றது?" சிரித்தான். "ஆபீஸ்ல வருகை எடுக்கறது பத்தாதுன்னு என்னையும் எடுக்கறியாக்கா?"

நானும் சிரித்து, அத்துடன் விட்டுவிட்டேன். நோட்டில் 'மறைந்தது', 'தோன்றியது' என்று இரண்டு கட்டம் போட்டேன். இரண்டாவது, பதினொரு மணிக்குள் நிரம்பிவிடும்.

அன்று நிரம்பவில்லை. போட மறந்திருப்பான் என்று நினைத்தேன். முன்பே இருமுறை மறந்தவன். சாப்பிட்டேன். கோப்புகளை அடுக்கினேன். மூன்று மணிக்குத்தான் அவனுடைய கூட்டாளியை, அதே படகுத்துறையில் இன்னொரு படகு வைத்திருப்பவரை, அழைத்தேன்.

"இன்னும் வரலயேக்கா. பத்து மணி வாக்குல காத்து பெருசா அடிச்சிச்சு. நீங்க போன்ல பாக்கலயா?"

மாலையில் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். எந்த இடத்தில் மீன் பிடிப்பான் என்று தேடுதல் அதிகாரி கேட்டார். கூட்டாளி தலை குனிந்தபடி சொன்னார்.

"எத்தனையோ தடவ பின்னால போயிருக்கோம். பங்கோரைத் தாண்டுனா ஆளக் காணோம். ஒரு நாளும் கண்டுபுடிக்க முடியல."

நான் நோட்டைத் திறந்து 6.35ஐக் காட்டினேன். அங்கிருந்து எந்தத் திசை என்று கேட்டார் அதிகாரி. எனக்குத் தெரியவில்லை.

ஆறு நாள் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

அவன் காணாமல் போன அன்றிரவு அவன் வாடகை வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை 5.10க்கு எழுந்து, முகம் கழுவுமுன் கைப்பேசியைப் பார்த்தேன். அவனைத் தேடிப் புறப்பட்ட, அதே படகுத்துறையின் பதினொரு படகுகளும் கருவியைப் போட்டபடியே பங்கோரைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நேரத்தையும் எழுதிக்கொண்டேன்.