நாலு படி ஒரு வள்ளம்

"கந்தப்பன், வயது முப்பத்தாறு, ஆசிரியர். கணக்குப் பாடத்தில் பழைய முறையை விடாதவர். நவீன போதனா முறைகளுக்கு விரோதி. பொருள்களைக் கொண்டு கற்பிக்கும் வழக்கம் இவரிடம் அறவே இல்லை. எச்சரிக்கப்பட்டார்."

வேலாங்காட்டுப்புதூர் பள்ளிக்கூடத்தின் பார்வைப் புத்தகத்தில், 1936-ம் வருஷத்துப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது. எழுதிய இன்ஸ்பெக்டர் பெரிய படிப்புப் படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எழுதியதில் பேரும் வயதும் மட்டும் சரி.

புதூர் மல்லசமுத்திரத்துக்குப் போகும் வண்டித்தடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் பெரியசாமிக் கவுண்டருடைய பழைய வண்டிக்கொட்டகை. அந்தக் கொடையினால் கவுண்டர் பள்ளிக்கு மேனேஜர் ஆனார். நாலு வகுப்பு, ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்பு வேண்டுமென்றால் ஐந்து மைல் நடக்க வேண்டும். பையன்களில் இரண்டொருவர் நடந்தார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. நாலாவது முடிந்த மறுநாள் அவர்கள் ஆட்டுக்குப் பின்னால் போனார்கள், அடுத்த வருஷம் தங்கள் பேரைக் கூட எழுத மறந்தார்கள். கந்தப்பனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான்: இங்கேயே ஓர் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேனேஜர் மனுப் போட வேண்டும், இன்ஸ்பெக்டர் சிபாரிசு செய்ய வேண்டும். மேனேஜரை இரண்டு வருஷம் கெஞ்சி மனுப் போட வைத்தாயிற்று. இன்ஸ்பெக்டர் தை மாதம் வருவதாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிப் பிள்ளைகளை வாய்பாடு ஒப்பிக்க வைக்கக் கூடாதாம். கணக்கு வாழ்க்கையிலிருந்து முளைக்க வேண்டுமாம். எப்படி முளைப்பது என்பதை விளக்க, சுற்றுவட்டாரத்து வாத்தியார்களின் மாதக் கூட்டம் ஒரு சனிக்கிழமை கூடியது.

பேசியவர் பெரிய பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் தங்கசாமி. "கொழந்தை மனசு பூ மாதிரிங்க. அதும்மேல வாய்பாட்டைத் தூக்கிப் போட்டா நசுங்கிப் போகும். கையில பொருளைக் குடுங்க, கணக்கு தானா வரும்" என்றார். கேட்டவர்கள் உருகிப் போனார்கள். தங்கசாமியின் பள்ளிக்கூடத்தில் வாரநாட்களில் 'ஈரெட்டுப் பதினாறு' அரை மைல் தூரத்துக்குக் கேட்கும். பிள்ளைகள் முதுகில் தாளம் போடுவது புளியம்விளார். அது வாரநாட்களின் சமாசாரம், அன்று சனிக்கிழமை.

அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகும் மணியன் வாத்தியார் எழுந்தார். "எங்க காலத்துல மாகாணி, முந்திரின்னு பின்ன வாய்பாடு வரைக்கும் தலைகீழாச் சொல்லுவமுங்க. சொல்லாதவனுக்குத் தோலு உரியும்."

"அப்படிப் படிச்சு என்னங்க ஆனீங்க?" என்று கந்தப்பன் கேட்டார்.

"வாத்தியாரு ஆனனுங்க."

"அதைத்தானுங்க நானும் சொல்ல வாரேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் கந்தப்பன் தங்கசாமி பக்கம் திரும்பினார். "வாய்பாடே வேண்டாம்னா, ஏழெட்டு எத்தனைன்னு கேட்டா, பையன் ஒவ்வொரு தடவையும் அம்பத்தாறு புளியங்கொட்டையை மடியில இருந்து எடுத்து எண்ணுவானுங்களா? எண்ணி முடிக்கறதுக்குள்ள சந்தை கலைஞ்சு போகுமே."

கூட்டக் குறிப்பில் 'கந்தப்பன் ஆட்சேபித்தார்' என்று எழுதினார்கள். எதை ஆட்சேபித்தார் என்று எழுத இடமில்லை. மணியன் கட்சிக்காரர்கள் அவரைப் புது முறைக்காரர் என்றார்கள். தங்கசாமி கட்சிக்காரர்கள் பழம்பஞ்சாங்கம் என்றார்கள். காராபூந்தி தின்று, புதிய முறையை ஏகமனதாக ஏற்று, எல்லோரும் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை பழையபடி விளாரை எடுத்தார்கள்.

கந்தப்பன் எடுக்கவில்லை. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றை மறுக்க வேண்டுமானால் அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் மறுப்பார்.

திங்கள் காலையில் அவர் துண்டில் நிலக்கடலையை முடிந்துகொள்வதைச் சம்சாரம் பழனியம்மாள் பார்த்தாள். "ஏனுங்க, விதைக்கடலையைத் தூக்கிட்டு எங்க பொறப்பட்டீங்க?"

"கணக்குச் சொல்லிக் குடுக்க."

"இத்தனை நாளு என்னத்தைச் சொல்லிக் குடுத்தீங்க?"

கடலைக் கணக்கு இரண்டு நாள் நடந்தது. பத்தில் மூன்று போனால் ஏழு என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். போன மூன்றைத் தின்றார்கள், பிறகு மீதி ஏழையும் தின்றார்கள். மூன்றாம் நாள் கடலைக்குப் பதில் புளியங்கொட்டை வந்தது. ஒரு மாதத்தில் முன்பு ஆறு மாதம் அடித்தும் ஏறாத கழித்தல் கணக்கு ஏறியது. கந்தப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. தங்கசாமி சொன்னது உண்மையாக இருந்துவிட்டதே என்ற எரிச்சல்.

பிறகு முகத்தலளவைக்கு வந்தார். சம்சாரத்திடம் படியும் அளக்கக் கம்புத் தானியமும் வாங்கிக்கொண்டார். படிக்கு அடுத்த பெரிய அளவான வள்ளம் வீட்டில் இல்லை. கவுண்டர் களத்திலிருந்த வள்ளத்தை இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை இரவல் கேட்டார். பிள்ளைகளின் கணக்குக்கு என்றதும் கவுண்டர் பெருமையாகக் கொடுத்தனுப்பினார்.

நாலாம் வகுப்புச் செல்லாயி அளந்தாள். அவள் ஆத்தாள் குப்பாயி அந்தக் களத்திலேயே கூலிவேலை செய்கிறவள். அதனால் பிள்ளைக்கு அளக்கும் கை சுத்தம். அந்தப் பக்கத்தில் தானியத்தைத் தலை தட்டி அளக்க மாட்டார்கள், கோபுரம் கட்டித்தான் அளப்பார்கள். செல்லாயியும் படியைக் கோபுரம் கட்டிக் கட்டி வள்ளத்தில் கொட்டினாள். நாலு படி ஆயிற்று. வள்ளத்தின் விளிம்பு நிறைந்ததே தவிரக் கோபுரம் ஏறவில்லை. இன்னும் அரைப்படி போட்ட பிறகுதான் கூம்பு நின்றது.

"நாலரைங்க சார்."

"நாலு. புஸ்தகத்துல பாரு."

"நீங்களே அளந்து பாருங்க சார்."

கந்தப்பன் அளந்தார். மூன்று தடவை அளந்தார். நாலரை. படி ஒடுங்கலானது, அதன் கோபுரம் சின்னது. வள்ளம் அகலவாய், அதன் கோபுரம் பெரிது. பன்னிரண்டு வருஷமாக நாலு படி ஒரு வள்ளம் என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு நாளும் ஊற்றிப் பார்த்ததில்லை.

பின்னால் நின்ற பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "கவுண்டர் களத்துல ஒரு வள்ளம் கூலின்னா நாலு படியா அளந்து குடுக்கறாங்க, குத்தகைன்னா வள்ளத்துலயே வாங்கறாங்க."

கந்தப்பன் அன்றைக்குப் பாடத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

தை மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். தங்கசாமியின் பள்ளிக்கூடத்தில் புளியங்கொட்டைகள் வண்ணம் பூசித் தட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைப் பாராட்டிவிட்டு வந்திருந்தார். அவற்றை எந்தப் பிள்ளையும் தொட்டு எண்ணவில்லை என்பது கலையாத பூச்சைப் பார்த்தாலே தெரியும். அது பாராட்டுக்குத் தடையாக இல்லை. புதூரில் மேனேஜர் கவுண்டர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு மனு இன்ஸ்பெக்டரின் கையிலேயே இருந்தது.

கம்பும் படியும் வள்ளமும் நடுவில் இருந்தன. அவற்றைத் தாண்டி வந்து நின்று, இன்ஸ்பெக்டர் செல்லாயியைக் கேட்டார். "எத்தனை படி ஒரு வள்ளம்?"

செல்லாயி வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் மேனேஜரைப் பார்த்தார். 'நாலுன்னு சொல்லு சாமி' என்று ஒரு வார்த்தை, அதுகூட வேண்டாம், நாலு விரல் காட்டினால் போதும். ஐந்தாம் வகுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"நீ அளந்ததைச் சொல்லு" என்றார் கந்தப்பன்.

"நாலரைங்க."

இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். "என்ன வாத்தியாரே, இதுகூடச் சொல்லிக்கொடுக்கவில்லையா?"

"புஸ்தகத்துல நாலுங்க. இந்த வள்ளத்துல நாலரை. இங்கயே இருக்குது, அளந்து பாருங்க."

"நான் அளக்க வரவில்லை, பரீட்சிக்க வந்திருக்கிறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். பொருளைக் கையில் கொடுத்துப் பழக்கியிருந்தால் பிள்ளை இப்படித் தப்பாகச் சொல்லுமா என்று அவர் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. பேனாவைத் திறந்தார்.

கவுண்டர் சத்தம் போடவில்லை. மனுவைக் கேட்டு வாங்கி நாலாக மடித்தார். "அஞ்சாவது எதுக்குங்க வாத்தியாரே. நாலாவதுலயே இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டாங்க." போகும்போது வள்ளத்தையும் ஆள்விட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

பங்குனியில் கந்தப்பன் பரீட்சை முடிவு எழுதினார். குப்பாயி வேலை முடிந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றாள். "புள்ளையக் கணக்குல பெயிலாப் போட்டுட்டீங்களாமுங்க. நல்லாத்தான சொல்லறா?"

"நல்லாத்தான் சொல்றா. பெயிலானாத்தான் இன்னொரு வருசம் வரமுடியும்."

"பாஸானா?"

"ஆடு மேய்க்கோணும்."

குப்பாயி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பெயிலாவே இருக்கட்டுமுங்க. ஊர்ல கேட்டா மண்டுன்னு சொல்லிக்கறன்."

ஐந்தாம் வகுப்புக்கு அனுமதி 1942-ல்தான் வந்தது. அதுவரையில் ஆறு வருஷம், பத்தொன்பது பிள்ளைகளைக் கணக்கில் தவறியவர்கள் என்று பதிவேட்டில் எழுதி நாலாம் வகுப்பிலேயே இருத்திவைத்து, கந்தப்பன் அவர்களுக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம் முழுவதையும் நடத்தினார். அவர்களில் பதினோரு பேர் பெண்பிள்ளைகள்.