சாக்கடையில் கிடந்த மோதிரக் கல்

பெரில் கிளட்டர்பக் பாதி ஆயுளைப் பள்ளிக்கூடச் சமையலறையில் கஸ்டர்ட் கிண்டிக் கழித்தவள். ஆனால் யாராவது கேட்டால் தன்னை அகழாய்வுக்காரி என்றுதான் சொல்லிக்கொள்வாள். கிளாஸ்டர்ஷையரில், ஆடு மேயும் அந்தச் சரிவுக்கு அடியில் ரோமானியர் காலத்துப் பண்ணை மாளிகை புதைந்திருப்பது தெரிந்த கோடையிலிருந்து, எந்த ஆகஸ்டிலும் அவள் வராமல் இருந்ததில்லை. கிடைத்ததெல்லாம் உடைந்த கூரை ஓடு. ஒரு தடவை நாயின் கால் தடம் பதிந்த ஓடு. அதையே ஊரெல்லாம் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்தாள், ஃபிலிப்பா வரும்வரை.

ஃபிலிப்பா லண்டனில் ஓய்வுபெற்று இங்கே வீடு வாங்கியவள். வந்த வாரமே மண் சுரண்டும் அவள் கரணைக்கு வண்ணக்கல் பதித்த தரை அகப்பட்டது. போதாததற்கு, அகழாய்வை நடத்தும் கெரால்ட் குளியல் கூடத்துச் சாக்கடையையும் அவளுக்கே கொடுத்தார். வெந்நீர் ஆவியில் மோதிரத்தின் பசை இளகிக் கழன்ற கற்களெல்லாம் போய்ச் சேரும் இடம் அது. பெரில் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த இடம். அவளுக்கு வயிறு எரிந்தது.

"அங்க குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்கும் கண்ணு. எனக்குப் பழக்கம். மாத்திக்கலாமா?"

"பரவால்ல பெரில், நான் யோகா பண்றவ," என்றாள் ஃபிலிப்பா.

பெரிலுக்கு வாய்த்தது, அந்தக் காலத்துப் பன்றிக் கொட்டில் என்று கெரால்ட் குறித்துவைத்திருந்த கோடிக் குழி.

ஒரு மழை நாளில் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஃபிலிப்பாவின் வாளிச் சேற்றை அலச வேண்டியது அன்று பெரிலின் முறை. சல்லடையில் சேறு கரைந்ததும், பட்டாணி அளவில் சிவப்புக் கல் ஒன்று மின்னியது. அதில் ஒரு சேவல் செதுக்கப்பட்டிருந்தது. ஃபிலிப்பா கவனிக்காமலேயே வாரிப் போட்டிருக்கிறாள். இதுவும் அவள் பெயரிலா என்று பெரில் பொருமினாள். எந்தக் குழி மண்ணில் வந்ததோ அந்தக் குழிக்குத்தான் பொருள் என்று புதியவர்களுக்கு முதல் நாளே பாடம் எடுப்பவள் இவள்தான். கல்லைத் தன் வாளியில் போட்டாள். கொஞ்சம் சேறு பூசினாள். பிறகு கெரால்டைக் கூப்பிட்டாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். "உங்களுக்குக் கெடச்சதுதான் நியாயம்," என்று ஃபிலிப்பா கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெரில் அன்று நிம்மதியாகத்தான் தூங்கினாள்.

மறுநாள் காலை கெரால்ட் குஷியாக இருந்தார்.

"பெரில், உங்க எடத்த நாம தப்பா நெனச்சுட்டோம். பன்னிக்கு எதுக்கு மோதிரம்? அங்க இன்னொரு குளியல் கூடம் இருக்கு. ஃபிலிப்பாவுக்கு அந்த வேல கைவந்துருச்சு, அவங்க பாக்கட்டும்."

"அப்ப நான்?"

"அந்தச் சாக்கடைல ஒரு ஊசி கூட வரல. மண்ணத் தள்ளி மூடிருங்க."

கல் வந்ததே அங்கிருந்துதான் என்ற வார்த்தை பெரிலின் தொண்டைவரை வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பாரே. அந்தப் பக்கம் ஃபிலிப்பா பன்றிக் கொட்டிலில் மண்டியிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சுரண்டத் தொடங்கியிருந்தாள். அங்கே ஒன்றும் வராது என்று பெரிலுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அவளைப் பார்க்கப் பொறாமையாகவே இருந்தது.

பெரில் மண்வெட்டியை எடுத்து, தான் ஆசைப்பட்ட சாக்கடையை மூட ஆரம்பித்தாள்.