விட்டுப்போன 'லாம்'

அவள் விரல்கள் இப்போது விசைப்பலகையில் இல்லை, அடிக்கோலின் விளிம்பில் இருக்கின்றன. பிழை பார்க்க எடுத்த புரூஃப் தாளின் கடைசி வரியில் தொடங்கி, ஒவ்வொரு வரியாக அடிக்கோலை மேலே ஏற்றிக்கொண்டு போகிறாள். மேலிருந்து படித்தால் அர்த்தம் புரிந்துவிடுமாம். அர்த்தம் புரிந்தால் பிழை கண்ணில் படாதாம். "நான் என்ன கதை கேக்கவா உக்காந்திருக்கேன்?" என்பாள்.

மருத்துவமனைக்குப் பின்தெருவிலிருக்கும் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்துக் கோக்கிறாள். வந்து சேர்ந்தது தாள் மடிக்க. இலக்கணத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அச்சுக்கு வந்த பள்ளி வினாத்தாள்களின் கேள்விகளுக்கு விடை தேடித் தேடித் தானாகக் கற்றுக்கொண்டது. அந்தப் பழக்கம் இப்போது முற்றிவிட்டது. காலையில் பற்பசைக் குழாயை முழுக்கப் படித்த பிறகுதான் பல் துலக்குகிறாள். 'எலுமிச்சை சாறு' என்று பலகை வைத்த கடைக்குக் கணவன் எவ்வளவோ அழைத்தும் போகவில்லை. "ஒரு 'ச்' போடத் துப்பில்லாதவன் உப்பை மட்டும் சரியாப் போடுவானா?"

அவளுக்கு ஆகாதது வால். பத்தி முடிகிற இடத்தில் ஒரு சொல்லின் துண்டு மட்டும் தனி வரியில் தொங்கினால், அதற்கு அவள் வைத்த பெயர் அது. எழுத்துகளை மயிரிழை நெருக்கி வாலை மேலே இழுத்துவிடுவாள். வராத வாலை நறுக்கிவிடுவாள். "நறுக்குனது தெரியக் கூடாது. அதான் வேலை" என்று மெஷின்காரரிடம் பெருமை வேறு.

அப்படி நறுக்கியதில் ஒன்று எட்டு மாதமாக அவள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மருத்துவமனைக்காக அடித்த துண்டறிக்கை அது. சர்க்கரை நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் உணவுமுறை. தவிடு நீக்காத தானியம், கொட்டைப் பருப்புகள், பிழியாத முழுப் பழம், சர்க்கரை போடாத காபி, இவையெல்லாம் உண்டு. இனிப்புப் பானமும் பதப்படுத்திய இறைச்சியும் கூடாது. முடிவில், 'இதே உணவு சில புற்றுநோய்களையும் தடுக்கலாம்' என்று அங்குள்ள டாக்டரம்மா எழுதியிருந்தார். 'லாம்' மட்டும் கீழே தொங்கியது. நெருக்கிப் பார்த்தாள், மசியவில்லை. 'தடுக்கும்' என்று மாற்றினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. டாக்டரம்மாவும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் பிரதி போயிற்று.

அதை ஓர் எழுத்து விடாமல் படித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா, ஒரே வீட்டில் இருப்பவர். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று கேட்ட நாளிலிருந்து அவர் துண்டறிக்கைப்படியே வாழ்கிறார். பாதாமை எண்ணி மெல்லுகிறார். வெறும் காபியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார். எட்டுக் கிலோ இறங்கிவிட்டது. சர்க்கரையும் எல்லையை விட்டுப் பின்வாங்கிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் அவருடைய மார்பகப் பரிசோதனையில் நிழல்போல ஏதோ தெரிந்தது, மறுபடி வரவும் என்று கடிதம் வந்தது. நாத்தனார் அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆட்டம் நின்றது.

"போகாம இருந்தா எப்படி அண்ணி?"

"எதுக்குப் போகணும்? தடுக்கும்னு போட்டிருக்கே. எட்டு மாசமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருக்கேன், சும்மாவா?"

"அது தப்பு அண்ணி. 'தடுக்கலாம்'னுதான் இருந்துச்சு. இடம் பத்தலைன்னு நான்தான் மாத்திட்டேன்."

"அச்சுல வந்தது எப்படிம்மா தப்பாகும்? நீ வாயால சொல்றதை இந்த வீட்ல யாரு என்னைக்குக் கேட்டிருக்கோம்?"

உண்மைதான். யாரும் கேட்டதில்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் தாளைப் பார்த்தார், தன் கையெழுத்தையும் பார்த்தார். "இப்படிச் சாப்பிட்டவங்ககிட்ட புற்றுநோய் கம்மியா இருந்துச்சுன்னுதாம்மா ஆராய்ச்சி சொல்லுது. வரவே வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கல. திருத்திடுங்க. பரிசோதனைக்குக் கூப்பிட்டா கண்டிப்பா வரணும்னு ஒரு வரியும் சேருங்க."

ஒரு வரி கூடினால் இடம் ஏது? தாளின் மூலையில் சிரித்துக்கொண்டிருந்த ஆப்பிள் படத்தைத் தூக்கினாள். புது வரிக்கு இடம் கிடைத்தது. 'லாம்' மட்டும் பழையபடி தனி வரியில் தொங்கியது.

"என்னக்கா, வால் தொங்குதே?" என்றார் மெஷின்காரர்.

"தொங்கட்டும். ஓட்டுங்க."

முதலில் வந்த தாளை மை காய்வதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நாத்தனார் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து படித்தார், கடைசிக்கு வந்தார், நின்றார்.

"அப்போ இதெல்லாம் தின்னும் வந்தாலும் வருமா?"

"வரலாம் அண்ணி."

"வெறும் காபியக் குடிச்சேனேடி!"

"சர்க்கரை இறங்கியிருக்கே. அது பொய்யில்லையே."

நாத்தனார் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு குனிந்து, மேசைக்காலடியிலிருந்து கடிதத்தை உருவினார். குழம்புக் கிண்ணம் ஒருபக்கம் சாய்ந்தது. "நாளைக்கு ஒம்பது மணிக்குக் கூப்பிட்டிருக்கான். நீயும் வா" என்றார்.

மறுநாள் மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண், பழைய துண்டறிக்கைகளின் மேலேயே இவர்கள் கொண்டுவந்த புதுத் தாள்களின் கட்டை வைக்கச் சொன்னாள்.

"இரும்மா" என்ற நாத்தனார், அடுக்கிலிருந்த பழைய தாள்களை ஒன்றுவிடாமல் வாரித் தன் பைக்குள் திணித்துக்கொண்டார். "இப்பக் குடு."

அவள் கட்டின் நூலை அவிழ்த்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி, இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.