சாமித் தட்டில் ஒரு பாதாம் டின்

சின்னம்மா குவைத்திலிருந்து அனுப்பிய முதல் டின் வட்டமானது. மூடியில் தங்க நிறத்தில் அரபு எழுத்து. உள்ளே சொக்லேட் பூசிய பாதாம். விடுமுறையில் ஊருக்கு வந்த ஒரு பெண் அதை வரக்காப்பொல பஸ் நிலையத்தில் வைத்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா முந்தானையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. வீட்டு வேலைக்காக அவள் குவைத்துக்குப் போனபோது அவளுடைய மகள் இன்னும் நடக்கப் பழகவில்லை. எனக்கு அவள் தங்கச்சி. எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். சின்னப்பா அதற்கு முன்பே எம்பிலிப்பிட்டிய பக்கம் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வாங்குவதில் சின்னம்மா கண்டிப்பானவள். வீட்டுக்கார அம்மாவோடு கடைக்குப் போகும்போது ஒவ்வொரு டின்னையும் காதருகே வைத்துக் குலுக்குவாளாம். உள்ளே கலகலவென்று உருண்டால் நல்லது. சத்தமே வராவிட்டால் எங்கேயோ வெயிலில் உருகி எல்லாம் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். கலர் சீனி பூசியதைத் தொட மாட்டாள், பிள்ளையின் நாக்கில் சாயம் ஏறும் என்று. கச்சான் கடலையும் வேண்டாம், அது நம் ஊரிலேயே கிடைக்கிறது. "பாதாம்தான் புள்ளைக்கு நல்லதுக்கா. மூளைக்கு ஏறும்" என்பாள் போனில். அந்த வீட்டில் எப்போதாவதுதான் பேச விடுவார்கள், அதுவும் குரல் மட்டும். தங்கச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். அந்தக் குரல் யாருடையது என்று அவள் கேட்டதுமில்லை.

அம்மா அந்த டின்களைத் திறக்கவே இல்லை. "அவ அங்க யாரு புள்ளைக்கோ ஊட்டிக்கிட்டு இருக்கா. பெத்த புள்ளைக்கு அவ கையால குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் ஒன்று கிடைக்கும் என்ற ஆசை அத்தோடு போனது. ஆனால் எங்கே வைப்பது? தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பரா ஒரே அறைதான். டிரங்குப் பெட்டியில் வைத்த டின்னை எறும்பு கண்டுபிடித்தது. கூரைத் தகரத்துக்குக் கீழே பரணில் வைத்தது பகலில் உருகி, இரவில் ஒரே கட்டியாக இறுகியது. டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை பிரிட்ஜில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தோம். வெளியே எடுத்துவந்த வழியிலேயே அது வேர்த்துக் கொட்டியது. கடைசியில் மிஞ்சியது சாமித் தட்டு. வெயில் படாத சுவர், எலி ஏறாத உயரம். சாமிப் படங்களும் செத்துப்போன தாத்தாவின் படமும் இருந்த அந்தப் பலகையில், விளக்குக்கும் சூடத் தட்டுக்கும் பக்கத்தில் அடுத்து வந்த டின் போய் உட்கார்ந்தது.

யாருடையது என்று தெரியட்டும் என்பதற்காக, பாஸ்போட்டுக்கு எடுத்ததில் மிஞ்சிய சின்னம்மாவின் படத்தை அம்மா மூடியில் ஒட்டினாள். டின்னைச் சுவரில் சாய்த்து வைத்தால் முகம் நேரே தெரியும். வெள்ளிக்கிழமைகளில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து குளித்து, தட்டிலிருந்த படங்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைப்பாள். வரிசையாக வைத்துக்கொண்டு போகிற கை, மூடியில் இருந்த முகத்துக்கும் ஒரு பொட்டு வைத்தது. கூடவே ஒரு செவ்வரத்தம்பூ. எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

சின்னம்மா விடுமுறையில் வந்து இறங்கிய அன்று நல்ல மழை. முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கி, "எங்க எம் புள்ள?" என்று கையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். தங்கச்சி அந்த முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

"பெரியம்மா, செத்துப்போனவங்க வந்திருக்காங்க!"

பார்க்க வந்த லயத்துச் சனம் சிரித்தது. தாத்தா செத்துப்போனார், அவர் படத்துக்குப் பொட்டு இருக்கிறது. இந்தப் படத்துக்கும் இருக்கிறது. பிள்ளையின் கணக்கில் பிழையில்லை. சின்னம்மா சிரிக்கவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "எங் கையாலதானடி ஒனக்குப் பொட்டு வச்சேன்" என்று அழுதாள். அம்மா அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகு தங்கச்சி சின்னம்மா இருக்கும் பக்கமே வரவில்லை. பொம்மை, புதுச்சட்டை எதற்கும் மசியவில்லை. அம்மாவின் சேலைக்குள்தான் தூங்கினாள். சின்னம்மாவின் விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. போவதற்குள் ஒரு தடவை மகள் தன் மடியில் வந்து உட்கார வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் கோபமோ என்னவோ, தட்டிலிருந்த டின்னை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். பாதாமெல்லாம் வெள்ளை பூத்துச் சாம்பல் உருண்டை மாதிரிக் கிடந்தது. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தவள், முற்றத்துக்கு ஓடித் துப்பினாள்.

"என்னக்கா இது, சூடத்த மெல்லுற மாதிரி இருக்கு!"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தாவுக்கு வருஷா வருஷம் வடை படைப்போம். தாத்தா அதைத் தின்று அவள் பார்த்ததில்லை, கடைசியில் நாங்கள்தான் தின்போம். சின்னம்மா தின்றுவிட்டாள். துப்பவும் செய்தாள்.

"பெரியம்மா, அவங்களுக்கு உசிரு வந்திருச்சா?"

சின்னம்மாதான் சொன்னாள், "வந்திருச்சும்மா."

தங்கச்சி நம்பவில்லை. மெதுவாகக் கிட்டே வந்து, டின்னுக்குள் கைவிட்டு ஒரு பாதாமை எடுத்து நீட்டினாள். "இன்னொன்னு தின்னுங்க." சின்னம்மா குனிந்து வாயைத் திறந்தாள். அதே சூட வாடைதான் இருந்திருக்கும். இந்தத் தடவை துப்பவில்லை. மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள்.

சின்னம்மா அதன் பிறகு ஒருமுறை போய், ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டாள். தங்கச்சி இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறாள். லீவில் வரும்போது வரக்காப்பொலயில் இறங்கி சொக்லேட் பூசிய கஜு முந்திரி வாங்கி வருவாள். எடுத்து வைக்கிற பேச்சே இல்லை, பையை இறக்கியதும் பாக்கெட்டைப் பிரித்துவிடுவோம். முதல் கஜுவைச் சின்னம்மா மகளுக்கு எதிரே உட்கார்ந்துதான் தின்பாள். அவள் விழுங்கும் வரை தங்கச்சி யாரோடும் பேச மாட்டாள்.