பத்து நிமிடம் மைதானக்காரர் இல்லை

எங்கள் மார்டில் டவுன் கால்பந்து கிளப்புக்கு நூறு வயது ஆகப்போகிறது, வரலாறு எழுதிக் கொடு என்றார் தலைவர் கார்டன் ஸ்டட். நான் செயலாளர். செயலாளர் என்றால் வலை கட்டுவது, டீ ஊற்றுவது, நடுவரை அவர் கார் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய் விடுவது எல்லாம் நான்தான். சரியென்று உட்கார்ந்தேன். தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளிகள் 1898இல் கிளப்பைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு தோற்றார்கள். இரண்டே வரியில் வரலாறு முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களுக்குக் கிளெமென்ட் ஓகிளைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

கிளெமென்ட் நாற்பத்தோரு வருடமாக எங்கள் மைதானக்காரர். புல் வெட்டுவார், கோடு போடுவார், புல்லை மிதிப்பவர்களை முறைப்பார். ஆட வருகிறவர்களும் அதில் சேர்த்திதான். சனிக்கிழமை மூன்று மணிக்கு இருபத்திரண்டு பேர் பூட்ஸோடு இறங்கும்போது, தோட்டத்தில் மாடு புகுந்ததுபோல் பதறுவார்.

அவருக்கு வினை பெர்சி டக்கெட் உருவத்தில் வந்தது. 1957இல், எங்களைவிட மூன்று படி மேலே இருந்த அணிக்கு எதிராகப் பெர்சி ஒரு கோல் போட்டார். போட்டார் என்று சொல்வது பெருந்தன்மை. தேவாலயப் பக்கத்துக் கோலுக்கு முன்னால் வழுக்கி விழுந்தார், பந்து அவர் பின்புறத்தில் பட்டு உள்ளே போனது. ஜெயித்தோம். சாகும்போது, என் சாம்பலை நான் விழுந்த இடத்திலேயே தூவுங்கள் என்று சொல்லிவிட்டுச் செத்தார். தூவினோம். அதோடு ஊருக்கே அந்த ஆசை தொற்றிக்கொண்டது. ரொட்டிக்கடைக்காரர், தபால்காரர், பாதிரியார் என்று முப்பத்தேழு பேரை அங்கே தூவிவிட்டோம். அதில் ஒரு நடுவரும் உண்டு. அவரைத் தூவியபோது மட்டும் சிலர் கைதட்டினார்கள்.

மனிதச் சாம்பல் புல்லுக்கு ஆகாது, உப்பு அதிகம். கோலுக்கு முன்னால் தரை வழுக்கைத் தலையாகிவிட்டது. காற்றடித்தால் எதிரணி கோல்கீப்பர் தும்முவார். அதில் எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு கோலாவது கிடைத்துவந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வசந்தத்தில் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டில் ஆய்வாளர் வருவார், அதற்குள் அங்கே புல் முளைக்காவிட்டால் கிளப்பை ஒரு படி கீழே இறக்கிவிடுவார்கள். கிளெமென்ட் அன்றே பலகை எழுதி நட்டார்: ‘இங்கே யாரையும் தூவக் கூடாது. இப்படிக்கு, மைதானக்காரர்.’ முதலில் மாட்டியவள் மேவிஸ் பௌல்ட்டர். கணவர் ரெஜ்ஜை பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். கார்னர் கொடிப் பக்கம் வேண்டுமானால் தூவிக்கொள்ளச் சொன்னார் கிளெமென்ட்.

“பன்னெண்டு வருஷம் அந்த மனுஷனை மாத்து ஆட்டக்காரர்னு சொல்லி ஓரத்துலயே உக்கார வெச்சீங்க. செத்த பெறகும் ஓரமா?” என்று கேட்டாள் மேவிஸ். டப்பாவோடு திரும்பிப் போனாள். ஊரில் பாதிப்பேர் கிளெமென்டோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஜூலையில் பூனைமுடிபோல் புல் எட்டிப் பார்த்தது. அவர் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அவர் மனைவி டோரீன் இறந்துபோனாள். நெஞ்சுவலி, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டோரீன் ஒருநாளும் மைதானத்துக்கு வந்தவள் இல்லை. ஐந்து மணிக்குச் சாப்பாட்டை மேசையில் வைப்பாள். அவர் எட்டு மணிக்கு வருவார். நாற்பத்தோரு வருடம் ஆறிப்போன உருளைக்கிழங்கை மறுபடி சூடாக்கியவள் அவள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் அவர்மேல் கோபம் வருகிறது.

ஈமச்சடங்கு முடிந்து மூன்றாம் நாள், டோரீன் எப்போதோ எழுதி வைத்திருந்த ஒரு கடிதத்தோடு கிளெமென்ட் வந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீ படி என்றார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. நான் படித்தேன்.

“கிளெம், என்னைவிட நீ அந்தக் கோல் பக்கத்து மண்ணைத்தான் நல்லா பாத்துக்கிட்ட. என்னையும் அங்கயே போட்டுடு. அப்பவாவது என்னைப் பாத்துப்ப.”

யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி போட்டுவிடலாம் என்றேன். என்னை ஒரு முறை முறைத்தார்.

“மேவிஸ் மூஞ்சில எப்படி முழிக்கிறது? மைதானக்காரன் விடமாட்டான். அவனை எனக்குத் தெரியும்.”

மறுநாள் என்னை ராஜினாமாக் கடிதம் அடிக்கச் சொன்னார். சனிக்கிழமை காலை பதினொன்றிலிருந்து பதினொன்று பத்துவரை மட்டும் பதவி விலகுகிறாராம். கசாப்புக்கடைக்காரரான தலைவர், தொத்திறைச்சி சுற்றிய கையாலேயே கையெழுத்துப் போட்டார். விதிப்படி நான் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அது என் கடமை. வேறு உள்நோக்கம் இருந்ததா என்று யாரும் கேட்க வேண்டாம்.

சனிக்கிழமை பதினொன்றுக்குக் கிளெமென்ட் தொப்பியைக் கழற்றிப் பலகையின் மேல் மாட்டிவிட்டு டோரீனின் சாம்பல் பெட்டியைத் திறந்தார். அவர் தூவி முடிக்கவும் கதவு கிறீச்சிட்டது. பிஸ்கட் டப்பாவோடு மேவிஸ். அவள் பின்னால் ஒன்பது பேர், வரிசையாக. ஒருவர் கையில் டீ கெட்டில், இன்னொருவர் கையில் நாயின் சாம்பல். யாரும் யாரையும் முந்தவில்லை, நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள் இல்லை. கிளெமென்ட் வாயைத் திறந்தார். ஆனால் அப்போது அவருக்கு ஏது அதிகாரம்?

“இப்ப மைதானக்காரர் யாரு?” என்றாள் மேவிஸ்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். “யாருமில்ல. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. சட்டுனு ஆகட்டும்.”

பதினொன்று பத்துக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார். கோலுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“யாருய்யா இதைப் பண்ணது?” என்றார்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். இது சுண்ணாம்பா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்படி நான் பின்னாலிருந்து கண்ஜாடை காட்டினேன். கிளெமென்டுக்குப் பொய் வராது. “அது என் சம்சாரம். பக்கத்துல ரெஜ்” என்றார். ஆய்வாளர் காலை எடுத்துப் பின்னால் வைத்து, தொப்பியைக் கழற்றி, ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு போனார்.

எங்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். இப்போது வாத்துக்குளத்தை ஒட்டி மைதானம் வைத்திருக்கும் கிராமத்திடமும் தோற்கிறோம். கிளெமென்டை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புல் முளைக்கவில்லை, இனி முளைக்கப் போவதும் இல்லை. தினமும் புல்வெட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டும் கையுமாக அங்கே போய் உட்காருகிறார். நேற்று அவருக்கு டீ கொண்டுபோனேன். உருளைக்கிழங்கிலிருந்து ஆவி பறந்தது. என்னைக் கவனிக்காமல், கடிகாரம் கட்டிய கையைத் தரைக்கு நேரே நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பாரு, டோரீன். அஞ்சுதான் ஆகுது.”