தண்ணீர் வழிந்ததா?

ஐம்பதுகளில் உத்தனப்பள்ளியில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம் பார்த்த மருத்துவச்சி எங்களைப் போல் கிறிஸ்தவ வேதக்காரி அல்ல, மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஒல்லியான உயரம், பெரிய குங்குமப்பொட்டு. உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்க்காமல் எந்தக் குழந்தையையும் தொடமாட்டாள்.

பிறந்தவன் மூச்சுக்குத் திணறினான். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று வேதம் சொல்லித்தரும் கோயில் உபதேசியார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் பங்குச் சாமியாரை அழைத்து வருவதற்குள் அவளே கொடுத்துவிட்டாள், பிள்ளையும் போய்விட்டான்.

"தலையில தண்ணி வழிஞ்சுதா?" என்று சாமியார் கேட்டார்.

"மார்கழிக் குளுரு சாமி. பச்சப்புள்ள மேல ஊத்த மனசு வருமா? பஞ்சுல நனச்சு ஒத்துனேன். மந்திரத்த ஒரு எழுத்து விடாம சொன்னேன்."

சாமியார் தலை குனிந்தார். "வழியலன்னா அது செல்லாதும்மா."

"இப்ப ஊத்தட்டுமா?"

போன உயிருக்கு ஞானஸ்நானம் இல்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே குழி வெட்டினோம். உள்ளே வைக்க அவள்தான் இறங்கினாள். பிள்ளையை நீட்டினேன். உடனே வாங்கவில்லை, முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.